அத்தியாயம் 4: நுரை, ஒரு தண்ணீர்க் கணக்கு

சவரம் முடிந்து முகம் எரிந்தால் முதலில் பிளேடு மேல்தான் சந்தேகம் வரும். பிளேடை மாற்றுவோம், ரேஸரை மாற்றுவோம், கடைசியில் ஷேவிங் கிரீமையும் மாற்றிப் பார்ப்போம். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே இருந்த நுரை சரியாக இருந்ததா என்று யோசிப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் நுரையைச் சரிசெய்யத் தனிச் செலவு கிடையாது. இரண்டு நிமிடமும் கொஞ்சம் கவனமும் போதும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: சோப்பைத் தாராளமாக எடுங்கள், தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். பிரஷ், கிண்ணம், கை சுழற்றும் விதம் எல்லாமே இந்த ஒரு விதிக்குத் துணை நிற்பவை.

நுரை செய்யும் வேலை

தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கும்; வெட்டுவதற்கு அதிக விசை தேவைப்படும். தண்ணீரை உறிஞ்சியதும் முடி சற்றுப் பருத்து இளகிவிடும். பிளேடு அப்போது இழுக்காமல் வெட்டும். ஆனால் முகத்தில் சுரக்கும் எண்ணெய் முடியின் மேல் படிந்திருப்பதால் தண்ணீர் உடனே உள்ளே இறங்காது. சோப்பு அந்த எண்ணெயை அகற்றுகிறது. நுரை, தண்ணீரை வழிந்தோட விடாமல் முடியோடு சேர்த்து நிறுத்துகிறது. கூடவே, பிளேடு உரசாமல் நகர்வதற்குத் தோலின் மேல் வழுக்கலான ஓர் ஈரப்படலத்தையும் தருகிறது.

பிளேடு தொடுவது தோலை ஒட்டிய இந்தப் படலத்தைத்தான். அதற்கு மேல் எத்தனை அங்குலம் நுரை உயர்ந்து நின்றாலும் பிளேடுக்கு அதனால் பயனில்லை. மேலே இருக்கும் நுரை, கீழே உள்ள ஈரம் காயாமல் காக்கிறது. எந்த இடம் மழித்தாயிற்று, எது பாக்கி என்றும் காட்டுகிறது. ஆகவே முகம் மறையும் அளவுக்கு வெள்ளை வெளேரென்று பொங்கி நிற்பதை நல்ல நுரைக்கு அடையாளமாகக் கொள்ள வேண்டாம். மெல்லியதாக இருந்தாலும் ஈரமும் வழுக்கலும் உள்ள நுரையே நல்ல நுரை.

பிரஷ் இல்லாமல் கையால் தடவிக்கொள்ளும் பார்பசால் கிரீம் அமெரிக்காவில் 1919-இல் வந்தது. அழுத்தினால் பீய்ச்சும் டப்பா நுரை 1950-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கியது. இரண்டும் நேரத்தை மிச்சப்படுத்தின. ஆனால் டப்பா நுரையில் தண்ணீர் எவ்வளவு என்பதைத் தொழிற்சாலையே முடிவுசெய்துவிடுகிறது. உங்கள் தாடி எவ்வளவு அடர்த்தி, உங்கள் தோல் எவ்வளவு வறட்சி என்பது அதற்குத் தெரியாது. பிரஷைக் கையில் எடுத்தால் அந்த முடிவு உங்களுடையது. பிரஷ், தோலோடு படிந்து கிடக்கும் முடிகளை நிமிர்த்தி, சோப்பையும் தண்ணீரையும் முடியின் அடி வரை கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்கிறது.

எந்தச் சோப்பு

குளியல் சோப்பைக் குழைத்துச் சவரம் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவசரத்துக்கு அது உதவும், தினமும் வேண்டாம். காரணம் அதன் சேர்மானத்தில் இருக்கிறது. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு காய்ச்சப்படுகிறது. அது விரைவில் குமிழ் விட வேண்டும், விரைவில் கழுவிப் போகவும் வேண்டும். ஷேவிங் சோப்பிலும் கிரீமிலும் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேரும். பொட்டாசியம் சோப்பை மென்மையாக்கித் தண்ணீரில் எளிதில் கரைய வைக்கிறது. ஸ்டியரிக் அமிலம் குமிழ்களைப் பொடியாக்கி, நெருக்கமாக்கி, உடையாமல் தாங்குகிறது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் நுரையைச் சட்டென்று எழுப்பும், ஆனால் பெரிய குமிழ்களாக எழுப்பும். அவை சீக்கிரமே அடங்கிவிடும். எனவே அது துணைக்கு மட்டும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வாங்கும்போது பெட்டியின் பின்புறம் உள்ள பட்டியலைப் படியுங்கள். ஸ்டியரிக் அமிலம் அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட் முதல் சில பெயர்களுக்குள் இருந்து, கிளிசரினும் இருந்தால் அந்தச் சோப்பு வேலைக்கு ஆகும். புதிதாகப் பழகுபவர்கள் டியூப் கிரீமில் தொடங்கட்டும். அதில் ஏற்கனவே தண்ணீர் கலந்திருப்பதால் எளிதில் கரையும், அளவும் கைக்குப் பிடிபடும். கட்டிச் சோப்பு நெடுநாள் வரும். ஆனால் போதுமான சோப்பைப் பிரஷில் ஏற்றக் கை பழக வேண்டும்.

எந்தப் பிரஷ்

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். பன்றி முடிப் பிரஷ் விறைப்பானது. முடியே தண்ணீரை உறிஞ்சும் என்பதால் சவரத்துக்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் தண்ணீரில் நிற்க வேண்டும். புதிதில் குத்தும், பழகப் பழக நுனிகள் பிளந்து மிருதுவாகும். பேட்ஜர் முடிப் பிரஷ் மென்மையானது, விலை கூடியது, முடிகளுக்கு நடுவே நிறையத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். மூன்றாவது செயற்கை இழைப் பிரஷ். இழை தண்ணீரை உறிஞ்சாது. இழைகளுக்கு இடையே தங்கும் தண்ணீர் அழுத்தியதும் மொத்தமாக வெளியே வந்துவிடும். ஆகவே ஊறவைக்கத் தேவையில்லை, குறைந்த தண்ணீரோடு தொடங்கவும் வேண்டும்.

முதல் பிரஷாகச் செயற்கை இழையையே பரிந்துரைக்கிறேன். விலை குறைவு, சீக்கிரம் காயும், எந்த விலங்கின் முடியும் வேண்டாம். ஆனால் மலிவான கரடுமுரடு நைலான் பிரஷைத் தவிர்த்து, நுனி மெலிந்த மிருதுவான இழையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையில் நுனியை அழுத்திச் சுற்றிப் பாருங்கள். குத்தினால் கழுத்திலும் குத்தும். முடிக்கற்றை கைப்பிடியோடு சேரும் இடத்தில் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் இருந்தால் முகத்துக்கும் கிண்ணத்துக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் நுரை எழாத குறையைச் சோப்பின் மேல் போடுவார்கள். உப்புத்தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவாக மாறும். குளியலறைப் பக்கெட்டின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதும் அதே படிவுதான். அது நுரை தராது, நுரையைக் கெடுக்கவும் செய்யும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் அளவில் சொல்வது வழக்கம். அதில் 1 மில்லிகிராம், ஏறக்குறைய 6 மில்லிகிராம் சோப்பை வீணாக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதி. உங்கள் வீட்டில் 400 என்று வைத்துக்கொள்வோம். நுரைக்குச் செலவாகும் 10 மில்லி தண்ணீரில் 4 மில்லிகிராம் இருக்கும். அது சுமார் 24 மில்லிகிராம் சோப்பை எடுத்துக்கொள்ளும். பிரஷில் அரை கிராம் சோப்பு இருந்தால் போவது இருபதில் ஒரு பங்கு. நுரைக்குப் பெரிய பாதகம் இல்லை. சிக்கனம் என்று 100 மில்லிகிராம் மட்டும் எடுத்திருந்தால் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். மிச்சமும் படிவோடு கலந்து திரியும்.

ஆகவே கடின நீருக்கு முதல் மருந்து சோப்பைக் கூட்டுவது. இரண்டாவது மருந்து தண்ணீரை மாற்றுவது. நுரைக்கும் பிரஷ் நனைக்கவும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்பதால், சுத்திகரிப்பு எந்திரத்துத் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ அதற்கு மட்டும் பயன்படுத்தலாம். முகம் கழுவவும் ரேஸரை அலசவும் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும். கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுத்தாலும் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் படிந்து குறையும், முழுவதும் போகாது.

கிண்ணத்தில் நுரை எழுப்புதல்

கைக்கு அடங்கும் ஒரு கிண்ணம் போதும். உட்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் நல்லது.

1. குளித்த கையோடு சவரம் செய்வது உத்தமம். இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தைக் கழுவி, தாடியை இரண்டு மூன்று நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். துடைக்க வேண்டாம்.

2. பிரஷை நன்றாக நனைத்து, தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை உதறுங்கள். பேட்ஜர் பிரஷ் என்றால் லேசாகப் பிழிந்தும் விடுங்கள்.

3. கிண்ணத்தில் சுண்டைக்காய் அளவு கிரீம், அதாவது ஏறத்தாழ 1 கிராம் எடுங்கள். அடர்ந்த தாடிக்கும் கடின நீருக்கும் ஒன்றரை மடங்கு.

4. புதிதாகத் தண்ணீர் விடாமல், பிரஷ் நுனியால் இருபது விநாடி சுற்றுங்கள். கிரீம் பிசின் பதத்தில் பிரஷோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையைத் தாண்டாமல் தண்ணீர் விடக் கூடாது.

5. கால் தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பதினைந்து விநாடி சுற்றுங்கள். தண்ணீர் முழுவதும் நுரைக்குள் போனபின் அடுத்த கால் தேக்கரண்டி. வழக்கமாக நான்கு முதல் ஆறு முறை தேவைப்படும்.

6. ஒவ்வொரு முறையும் நுரையின் மேற்பரப்பைப் பாருங்கள். மங்கலாக இருந்தது மெல்ல மெல்லப் பளபளப்பாகும். குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகி, கட்டியில்லாமல் அடித்த கெட்டித் தயிரின் பதம் வரும்போது நிறுத்துங்கள்.

பிரஷைக் கிண்ணத்தின் அடியில் வைத்து நசுக்க வேண்டாம். முடி பாதி வளையும் அளவு அழுத்தம் போதும். அதற்கு மேல் அழுத்தினால் நுனி வேலை செய்யாது, நடுவில் முடி உடையும். முதலில் வேகமாகச் சுற்றினால் காற்று பெரிய குமிழ்களாக நுழையும். நிதானமாகத் தொடங்கி, கடைசி அரை நிமிடம் சற்று வேகம் கூட்டுங்கள்.

முகத்திலேயே நுரை எழுப்புதல்

கிண்ணம் வேண்டாம் என்பவர்கள் கிரீமை ஈரக் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, பிரஷால் வட்டமாகத் தேய்க்கலாம். முடி நிமிர்வதற்கும் ஈரம் அடி வரை இறங்குவதற்கும் இது சிறந்த முறை. தண்ணீர் தேவைப்படும்போது பிரஷின் நுனியை மட்டும், அரை அங்குலம், தண்ணீரில் தொட்டுவிட்டுத் தொடருங்கள். கன்னம், தாடை, மேலுதடு, கழுத்து என்று எல்லா இடத்துக்கும் போன பிறகு, சுவருக்கு வண்ணம் பூசும் விதமாக மேலும் கீழும் இழுத்து நுரையைச் சமப்படுத்துங்கள். பரு இருப்பவர்களும் எளிதில் சிவந்துபோகும் தோல் உள்ளவர்களும் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். கிண்ணத்தில் செய்து, பூச மட்டும் செய்யுங்கள்.

கட்டிச் சோப்பும் குச்சிச் சோப்பும்

கட்டிச் சோப்பில் பலர் தோற்பது பிரஷில் சோப்பு ஏற்றும் கட்டத்தில்தான். பிரஷைச் சோப்பின் மேல் நாலு சுற்றுச் சுற்றியதும் குமிழ் தெரியும். அதையே நுரை என்று நம்பி எடுத்துவிடுவார்கள். அந்தக் குமிழில் தண்ணீரும் காற்றும்தான் இருக்கும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை விடாமல் சுற்றுங்கள். பெரிய குமிழ்கள் மறைந்து, நுனியில் தடித்த களிம்பு சேரும். பிரஷைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது விழாது. அதற்குப் பிறகே கிண்ணத்துக்கோ முகத்துக்கோ போக வேண்டும். சோப்பு மிகவும் காய்ந்து இறுகியிருந்தால், முகம் கழுவும் நேரத்தில் அதன் மேல் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு வையுங்கள். மேற்பரப்பு இளகிக் கொடுக்கும்.

குச்சிச் சோப்பில் வேலை இன்னும் எளிது. ஈரத் தாடியின் மேல் முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்தால் முடிகளே சோப்பைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். முகம் முழுக்க வெண்மையான பூச்சு தெரிந்ததும் ஈரப் பிரஷால் வட்டமாகத் தேய்த்து நுரையாக்குங்கள்.

பதம் பார்த்தல்

நுரையைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். விரல்கள் தடையின்றி வழுக்க வேண்டும். ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் போதாது. நொடியில் நீராகிப் போனால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. பிரஷைத் தூக்கினால் நுரையின் நுனி எழுந்து மெல்ல வளைய வேண்டும். விறைத்து நின்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். கடைசிச் சோதனை ரேஸரில். அலசும்போது நுரை உடனே கழன்று போக வேண்டும். பிளேடுக்கு அடியில் களிம்பாக அடைத்துக்கொண்டால் அது வறண்ட நுரை.

அழகாகத் தெரியும் நுரை பெரும்பாலும் ஓரளவு வறண்டதாகவே இருக்கும். இதுதான் பதம் என்று தோன்றும் இடத்தில் இன்னும் கால் தேக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுற்றிப் பாருங்கள். உயரம் சற்றுக் குறையும், பளபளப்பும் வழுக்கலும் கூடும். ரேஸருக்கு இணக்கமான நுரை அதுவே.

குறைகளும் தீர்வுகளும்

*மழிக்கும்போதே நுரை காய்ந்துபோகிறது.* தண்ணீர் குறைவு என்பது முதல் காரணம். மின்விசிறி இரண்டாவது காரணம். அறைக்குள் கண்ணாடி முன் நின்று சவரம் செய்பவர்கள் விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்படியும் காய்ந்தால், காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷால் ஒருமுறை தடவிவிட்டு ரேஸரை வையுங்கள். வறண்ட நுரையின் மேல் பிளேடை ஓட்டாதீர்கள்.

*பெரிய குமிழ்கள், சலசலவென்று உடைகின்றன.* சோப்பு குறைவு, தண்ணீர் அதிகம். எவ்வளவு அடித்தாலும் இது தேறாது. இன்னும் கொஞ்சம் சோப்பு சேர்த்தால்தான் மீளும்.

*கிண்ணத்தில் நுரை இருக்கிறது, முகத்தில் பூசியதும் அடங்குகிறது.* முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது, அல்லது எண்ணெய் போகவில்லை. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, வழியும் தண்ணீரை மட்டும் கையால் வழித்துவிடுங்கள்.

*நுரையெல்லாம் பிரஷுக்குள் போய்விடுகிறது.* முடி அடர்ந்த பிரஷ்களில் இது இயல்பு. முகத்தில் பூசும்போது நுனியைச் சற்று விரித்து அழுத்துங்கள், அல்லது முடிக்கற்றையை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் வழியுங்கள். உள்ளே இருப்பது வெளியே வரும்.

*நுரை நன்றாக இருந்தும் முகம் எரிகிறது.* சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. வாசனைப் பொருளோ மென்தாலோ ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். வாசனை சேர்க்காத கிரீமுக்கு மாறிப் பாருங்கள். சிவப்பும் தடிப்பும் தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் சுற்று

ஒரே ஓட்டத்தில் வழவழப்பாக்க முயன்று ஒரே இடத்தில் நாலைந்து முறை இழுப்பதுதான் பெரும்பாலான எரிச்சலுக்குக் காரணம். முதல் சுற்று முடி வளரும் திசையில். பிறகு முகத்தை ஈரமாக்கி, பிரஷில் மீதியிருக்கும் நுரையை மறுபடி பூசி, பக்கவாட்டில் இரண்டாம் சுற்று. நுரை இல்லாத தோலில் ரேஸர் படவே கூடாது. விட்டுப்போன சிறு இடம் என்றாலும் ஒரு தடவல் நுரை வைத்துவிட்டுத் தொடுங்கள். 1 கிராம் கிரீமில் இரண்டு சுற்றுக்கும் நுரை மிஞ்சும். இரண்டாம் சுற்றில் பிரஷ் சற்றுக் காய்ந்திருக்கும். நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷைப் பேணுதல்

வேலை முடிந்ததும் ஓடும் தண்ணீரில் நுரை முழுவதும் போகும் வரை அலசி, மெல்லப் பிழிந்து, உதறி, துண்டின் மேல் இரண்டு மூன்று முறை துடையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கடின நீர் உள்ள வீட்டில் சில வாரங்களில் முடியின் அடியில் சோப்புப் படிவு சேர்ந்து விறைக்கும். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வினிகர் கலந்து, சில நிமிடம் ஊறவைத்து அலசினால் படிவு கரைந்துவிடும்.

பிரஷ் ஒருவருக்கு ஒன்று. வீட்டுக்குள்ளும் அப்படியே. சவரத்தின்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். இரண்டாம் சுற்றில் பிரஷ் அவற்றின் மேல்தான் புரள்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில், கிருமி நீக்காத குதிரை முடியில் செய்த பிரஷ்கள் வழியாகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் பரவி உயிர்ப் பலி நேர்ந்தது. பிரிட்டன் 1920-இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. இன்று முடிகள் பதப்படுத்தப்பட்டே வருகின்றன. என்றாலும் தயாரிப்பாளர் பெயர் இல்லாத விலங்கு முடிப் பிரஷையும், யாரோ பயன்படுத்திய பழைய பிரஷையும் வாங்காதீர்கள். சலூனில் பொதுப் பிரஷ் வைத்திருந்தால் உங்கள் பிரஷைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பயிற்சி

சவரம் செய்யாத ஒரு நாளில் இதைச் செய்து பாருங்கள். 1 கிராம் கிரீமைக் கிண்ணத்தில் எடுத்து, மேலே சொன்னபடி தண்ணீர் விடாமல் இருபது விநாடி சுற்றுங்கள். பிறகு கால் தேக்கரண்டி தண்ணீர், பதினைந்து விநாடி சுற்று, விரலில் தேய்த்துப் பார்ப்பது என்று தொடருங்கள். எத்தனையாவது கால் தேக்கரண்டியில் வழுக்கல் தொடங்கியது, எதில் பளபளத்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நல்ல பதம் வந்ததும் நிறுத்திவிடாமல், நுரை உடைந்து நீராகும் வரை வேண்டுமென்றே தண்ணீர் சேருங்கள். உடைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சவரத்தில் அந்த எண்ணுக்கு இரண்டு குறைவாக நிறுத்துங்கள். ஏழில் உடைந்தால் ஐந்தில். இந்த எண் உங்கள் கிரீமுக்கும் உங்கள் பிரஷுக்கும் உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் மட்டும் உரியது. இவற்றில் எது மாறினாலும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். சில வாரங்களில் எண்ணாமலே கை அளவை அறிந்துகொள்ளும். அது வரை தேக்கரண்டியைக் கண்ணாடி அருகிலேயே வைத்திருங்கள்.